கர்ப்பகால உயிராபத்துகள்: திருகோணமலைத் தாய்மாரும் குடும்பத்தினரும் கேட்கும் கேள்விகள்

திருகோணமலை மாவட்டத்தில் குடும்பநல உத்தியோகத்தராகப் பல ஆண்டுகள் வீடு வீடாகச் சென்றும், கர்ப்பிணித் தாய்மார் வகுப்புகளை நடத்தியும் வந்த காலத்தில் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்பட்ட கேள்விகளையும் அவற்றுக்கான விடைகளையும் இங்கே எழுதியுள்ளேன். சில கேள்விகள் வகுப்பில் எல்லோர் முன்னிலையிலும் கேட்கப்பட்டவை. சில, வகுப்பு முடிந்து மற்றவர்கள் போன பின்னர் வாசலில் நின்று மெதுவான குரலில் கேட்கப்பட்டவை. உங்கள் உடல்நிலை பற்றிய முடிவுகளை உங்களைப் பரிசோதிக்கும் வைத்தியரிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.

கர்ப்பமாக இருக்கும் பெண்ணிடம் மரணத்தைப் பற்றிப் பேசுவது அபசகுனம் இல்லையா?

இந்தத் தயக்கம் அன்பிலிருந்து வருவது என்பதால் அதை நான் ஒருபோதும் குறைத்துப் பேசியதில்லை. ஆனால் பிள்ளைப்பேற்றைப் பெண்ணுக்கு மறுபிறப்பு என்று சொன்னவர்களும் நம் வீட்டு மூத்தவர்களே. வைத்தியசாலை எட்டாத் தொலைவில் இருந்த காலத்தில், வலி தொடங்கி உள்ளே போனவள் பிள்ளையோடு எழுந்து வருவாளா என்று திண்ணையில் காத்திருந்தவர்கள் சொன்ன சொல் அது. அவர்களிடம் அச்சம் இருந்தது, ஆனால் செய்வதற்கு வழி இருக்கவில்லை. இன்று வழி இருக்கிறது. கடுமையான தலைவலியை நாவூறு என்று நினைத்து, நாவூறு கழித்துப் படுக்க வைத்த வீடுகளையும் நான் கண்டிருக்கிறேன். அதே தலைவலியோடு நள்ளிரவில் வைத்தியசாலைக்கு வந்து தாயும் பிள்ளையும் நலமாகத் திரும்பிய வீடுகளையும் கண்டிருக்கிறேன். முந்திய வீட்டாரும் பெண்பிள்ளை மேல் உயிரையே வைத்திருந்தவர்கள்தான். அந்தத் தலைவலி எதைக் குறிக்கலாம் என்று அவர்களுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை.

‘தாய் மரணம்’ என்று எதைச் சொல்கிறார்கள்? பிரசவத்தின்போது இறப்பதை மட்டுமா?

இல்லை. கர்ப்பம் தரித்த நாள் முதல், அந்தக் கர்ப்பம் எவ்வகையில் முடிந்தாலும், முடிந்த பின் 42 நாட்கள் வரை, கர்ப்பத்தாலோ கர்ப்பத்தால் மோசமடைந்த நோயாலோ சிகிச்சையின்போது ஏற்பட்ட சிக்கலாலோ நிகழும் இறப்பை உலக சுகாதார நிறுவனம் தாய் மரணம் என்று வரையறுக்கிறது. வீதி விபத்து போன்றவை இதில் சேராது. இந்த 42 நாள் கணக்கைச் சொல்லும்போதெல்லாம் கிண்ணியா, மூதூர்ப் பக்கத் தாய்மார், “எங்கட நாற்பது நாளும் அதுதானே” என்பார்கள். பிள்ளை பெற்றவளை நாற்பது நாள் வீட்டோடு வைத்துப் பராமரிக்கும் வழக்கமும், அவளுடைய உடல் இன்னும் ஆபத்தைத் தாண்டவில்லை என்ற மருத்துவக் கணக்கும் ஏறத்தாழ ஒரே இடத்தில் வந்து நிற்கின்றன.

இலங்கையில் இன்னமும் தாய்மார் இறக்கிறார்களா?

இறக்கிறார்கள், ஆனால் முன்னைய நிலையோடு ஒப்பிட முடியாத அளவுக்குக் குறைவாக. 1930களில் இந்நாட்டில் 1 இலட்சம் உயிர்ப்பிறப்புகளுக்கு 1,500க்கும் மேற்பட்ட தாய்மார் இறந்தனர். அண்மைய ஆண்டுகளில் அந்த எண்ணிக்கை பெரும்பாலும் 30 அளவில் இருந்து வந்துள்ளது. 1926இல் களுத்துறையில் தொடங்கிய சுகாதாரப் பிரிவு முறையும், ஊர்தோறும் நியமிக்கப்பட்ட பயிற்சி பெற்ற மருத்துவிச்சிகளும், கட்டணமில்லா வைத்தியசேவையும், பெண்பிள்ளைகள் படித்ததும் சேர்ந்தே இதைச் சாதித்தன. இப்போது ஏறக்குறைய எல்லாப் பிரசவங்களும் வைத்தியசாலையில்தான் நடக்கின்றன. உலகம் முழுவதையும் எடுத்துக்கொண்டால், 2023இல் ஏறத்தாழ 260,000 பெண்கள், அதாவது நாளொன்றுக்கு 700க்கும் மேற்பட்டோர், கர்ப்பத்தாலும் பிரசவத்தாலும் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டுள்ளது. அவர்களில் பெரும்பாலோர் தவிர்க்கக்கூடிய காரணங்களால் இறந்தவர்கள்.

என்னென்ன காரணங்களால் தாய்மார் இறக்கிறார்கள்?

கர்ப்பமே நேரடியாகக் கொண்டுவரும் ஆபத்துகள் ஒரு வகை: கடுமையான குருதிப்போக்கு, உயர் குருதியமுக்கமும் அதனால் வரும் வலிப்பும், கருப்பையில் தொடங்கி உடல் முழுவதும் பரவும் கிருமித்தொற்று, காலில் உறைந்த குருதிக்கட்டி நுரையீரலுக்குச் சென்று அடைத்தல், பாதுகாப்பற்ற கருக்கலைப்பு, கருப்பைக்கு வெளியே கரு தங்குதல் ஆகியவை இதில் அடங்கும். ஏற்கெனவே உடலில் இருக்கும் நோய் அல்லது கர்ப்பகாலத்தில் வந்து சேரும் நோய் கர்ப்பத்தின் சுமையால் கடுமையாவது மற்றைய வகை. இலங்கையில் இந்த இரண்டாம் வகையை, அதிலும் குறிப்பாக இதய நோயை, ஒருபோதும் சிறிதாக எண்ணக்கூடாது. நம் தாய்மார் பலர் பிரசவ வலியைப் பற்றித்தான் அஞ்சுகிறார்கள். இந்தப் பட்டியலில் வலிக்கு இடமே இல்லை என்பதை வகுப்பில் நான் தவறாமல் சுட்டிக்காட்டுவேன்.

பிள்ளை பெற்றால் இரத்தம் போவது இயல்புதானே? எவ்வளவு போனால் ஆபத்து?

ஓரளவு போவது இயல்பு. சாதாரணப் பிரசவத்தில் 500 மில்லிலீற்றருக்கும், சிசேரியன் சத்திரசிகிச்சையில் 1 லீற்றருக்கும் மேற்பட்டால் அதைப் பிரசவத்தின் பின்னரான குருதிப்போக்கு என்று வைத்தியர்கள் கருதி வந்துள்ளனர். நிறைமாதத்தில் கருப்பைக்கு ஒரு நிமிடத்தில் அரை லீற்றர் அல்லது அதற்கும் கூடுதலான குருதி பாய்கிறது என்பதை எண்ணிப் பார்த்தால், இது ஏன் மணிக்கணக்கில் காத்திருக்க முடியாத விடயம் என்பது விளங்கும். நச்சுக்கொடி கழன்றதும் கருப்பை இறுகிச் சுருங்கி, திறந்து கிடக்கும் குருதிக்குழாய்களை நெரித்து மூட வேண்டும்; அது தளர்ந்து கிடந்தால் குருதி நிற்காது. நச்சுக்கொடியின் துண்டு உள்ளே தங்கிவிடுவதும், பிறப்புவழி கிழிந்திருப்பதும், குருதி உறையாமல் போவதும் மற்றைய காரணங்கள். பிள்ளை பிறந்த உடனேயே தாய்க்கு ஒக்சிடோசின் ஊசி போடுவது கருப்பையை இறுகச் செய்வதற்காகத்தான். இந்த ஊசியையும், ஏற்றுவதற்கான குருதியையும், சத்திரசிகிச்சைக்கூடத்தையும் வீட்டில் வைத்திருக்க முடியாது. வீட்டில் பிள்ளை பெறுவதை நான் உறுதியாக மறுப்பதற்கு இது ஒன்றே போதும்.

வைத்தியசாலையிலிருந்து வீடு திரும்பிய பின்னரும் குருதிப்போக்கு வரலாம். தடித்த பாட் அல்லது மடித்த துணி ஒரு மணித்தியாலத்துக்குள் முழுவதும் நனைந்துவிட்டாலோ, பெரிய கட்டிகள் விழுந்தாலோ, தலை சுற்றி, உடல் குளிர்ந்து வியர்த்து, நெஞ்சு படபடத்தாலோ விடியும்வரை பார்த்திருக்க வேண்டாம். “அழுக்கு இரத்தம் போகட்டும், அதுதான் நல்லது” என்ற சொல்லைக் கேட்டுக் காத்திருந்தவர்களை எனக்குத் தெரியும். வயிற்றில் அழுக்கு இரத்தம் என்று தனியாக ஒன்று இல்லை. போவது முழுவதும் அவளுடைய இரத்தமே.

பிள்ளை பிறப்பதற்கு முன்னரே குருதி கண்டால், வலி இருந்தாலும் இல்லாவிட்டாலும், சிறிதளவே கண்டாலும், உடனே வைத்தியசாலைக்குச் செல்ல வேண்டும். நச்சுக்கொடி கருப்பையின் வாயை மறைத்து வளர்ந்திருக்கும்போது வலியே இல்லாமல் குருதி வரும் என்பதால், வலி இல்லை என்று ஆறுதல் கொள்ள முடியாது. முன்னர் சிசேரியன் செய்துகொண்டவர்களுக்கு இந்த ஆபத்துச் சற்றுக் கூடுதல்.

கால் வீக்கமும் தலைவலியும் கர்ப்பத்தில் எல்லோருக்கும் வருவதுதானே?

மாலையில் பாதம் சற்று வீங்கிக் காலையில் வற்றிவிடுவது பெரும்பாலும் இயல்பே. முகமும் கைகளும் திடீரென வீங்குதல், பரசிட்டமோல் குடித்தும் விடாத தலைவலி, கண் மங்குதல் அல்லது கண்முன் பூச்சி பறப்பதுபோல் தெரிதல், வலப்பக்க விலா எலும்பின் கீழே அல்லது மேல்வயிற்றில் வலி, பிந்திய மாதங்களில் புதிதாகத் தொடங்கும் வாந்தி ஆகியவை வேறு வகை. 20 வாரங்களின் பின்னர் குருதியமுக்கம் 140/90 அல்லது அதற்கு மேல் போய், சிறுநீரில் புரதமும் வெளியேறினால், அது தாயின் மூளை, ஈரல், சிறுநீரகம் மூன்றையும் தாக்கக்கூடிய நிலை. 160/110ஐ எட்டினால் அது அவசரநிலை. வலிப்பு வந்துவிட்டால், அதைக் காக்கைவலிப்பு என்றோ பேய்க்குணம் என்றோ நினைத்து இரும்பைக் கையில் கொடுத்துக்கொண்டிருக்காமல், இடப்பக்கமாகச் சரித்துப் படுக்க வைத்து, வாயில் எதையும் திணிக்காமல் அம்புலன்ஸை அழையுங்கள். வைத்தியசாலையில் மக்னீசியம் சல்பேற்று என்ற மருந்து கொடுக்கப்படும். அது இந்த வலிப்பை அடக்கவும், வருமுன் தடுக்கவும் வல்லது.

பிரஷர் என்பது பெரும்பாலும் உடலில் தெரியாத வருத்தம் என்பதே இதில் உள்ள கடினம். நன்றாக இருக்கிறேன் என்று ஒரு கிளினிக்கைத் தவறவிடும் தாயிடம் நான் வேண்டிக்கொள்வது இதைத்தான்: நீங்கள் நன்றாக இருக்கும் நாளில் அளக்கும்போதுதான் அது முன்கூட்டியே பிடிபடும். முந்திய கர்ப்பத்தில் பிரஷர் இருந்தவர்களுக்கு, 12 வாரமளவில் தொடங்கிக் குறைந்த அளவு அஸ்பிரின் குடிக்கும்படி வைத்தியர் சொல்லக்கூடும். அதைத் தாமாகத் தொடங்கவும் கூடாது, சொல்லியிருந்தால் நிறுத்தவும் கூடாது. பிள்ளை பிறந்த பின்னர் வரும் நாட்களிலும் இந்தப் பிரஷரும் வலிப்பும் வரக்கூடும்.

சின்ன வயதில் எனக்கு இதயத்தில் ஒப்பரேஷன் செய்தார்கள். புகுந்த வீட்டில் தெரியாது. கிளினிக்கில் சொல்ல வேண்டுமா?

கட்டாயம் சொல்லுங்கள். வாசலில் நின்று மெதுவாகக் கேட்கப்பட்ட கேள்விகளில் என்னை மிகவும் கவலைப்படுத்தியது இதுதான். கர்ப்பத்தில் உடலின் குருதியளவு ஏறத்தாழ அரைவாசியால் கூடுகிறது. அத்தனையையும் அதே இதயம் இறைக்க வேண்டும். சிறு வயதில் மூட்டுவாதக் காய்ச்சல் வந்து வால்வு பழுதடைந்தவர்களுக்கும், பிறவியிலேயே இதயத்தில் குறை இருந்தவர்களுக்கும் இந்தச் சுமை ஏழாம் மாதத்தையொட்டியும், பிரசவத்தின்போதும், பிரசவம் முடிந்த முதல் நாட்களிலும் தாங்க முடியாததாகலாம். முன்கூட்டியே தெரிந்தால் ஸ்கான் செய்து, இதய வைத்திய நிபுணரும் மகப்பேற்று நிபுணரும் சேர்ந்து எங்கே, எப்படிப் பிள்ளை பெறுவது என்று திட்டமிடுவார்கள். திருமணப் பேச்சின்போது மறைக்கப்பட்ட நோயை இப்போது எப்படிச் சொல்வது என்ற உங்கள் தவிப்பு எனக்கு விளங்குகிறது. தனியாகப் பேச வேண்டும் என்று கேளுங்கள். வைத்தியரோ குடும்பநல உத்தியோகத்தரோ உங்கள் மாமியிடம் போய்ச் சொல்ல வேண்டியதில்லை. நேராகப் படுத்தால் மூச்சு முட்டுதல், இரவில் மூச்சுக்காக எழுந்து உட்காருதல், சில அடிகள் நடந்தாலே இளைத்தல் ஆகியவை யாருக்கு வந்தாலும், இதயநோய் இருப்பதாக முன்னர் தெரிந்திராவிட்டாலும், அன்றே பரிசோதிக்கப்பட வேண்டும்.

காய்ச்சலுக்கு எத்தனை நாள் பார்த்துவிட்டுப் போகலாம்?

ஒரு நாள்கூடப் பார்க்க வேண்டாம். 2017இல் கிண்ணியாவில் டெங்கு பரவியதை இந்த மாவட்டத்தில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். கர்ப்பத்தில் குருதியின் இயல்பான மாற்றங்கள் டெங்குவின் அடையாளங்களை மறைத்துவிடுவதால், கர்ப்பிணிக்குக் காய்ச்சல் என்றால் முதல் நாளே வைத்தியசாலையில் காட்டிக் குருதிப் பரிசோதனை செய்ய வேண்டும். பரசிட்டமோலைத் தவிர வேறு காய்ச்சல் மருந்தையோ வலிக்குளிசையையோ பாமசியில் வாங்கிக் குடிக்கக் கூடாது. அஸ்பிரின் குடித்து வருபவர்கள் அதை வைத்தியரிடம் முதலிலேயே சொல்ல வேண்டும். இன்புளுவென்சாவும் கர்ப்பிணிகளுக்குக் கடுமையாகலாம் என்பதால் மூச்சுத் திணறலுடன் கூடிய இருமலையும் தடிமன் என்று விட்டுவிடாதீர்கள்.

முதல் மூன்று மாதங்களில் என்ன ஆபத்து இருக்கப் போகிறது?

நாள் தள்ளிப்போய்ச் சில வாரங்களிலேயே அடிவயிற்றில், பெரும்பாலும் ஒரு பக்கமாக, கடும் வலியும் மயக்கமும் தோள்பட்டை வலியும் வந்தால், கரு கருப்பைக்கு வெளியே குழாயில் தங்கி அது வெடித்திருக்கக்கூடும்; உள்ளே பெருகும் குருதி வெளியே தெரியாது. ஆகையால் கர்ப்பம் என்று அறிந்தவுடன், இயன்றவரை 8 வாரங்களுக்குள், உங்கள் பிரிவின் குடும்பநல உத்தியோகத்தரிடம் பதிந்துகொள்ளுங்கள். மூன்று மாதம் போகட்டும், அதுவரை வெளியே தெரிய வேண்டாம் என்ற வழக்கம் அயலவருக்குப் பொருந்தட்டும். கிளினிக்குக்குப் பொருந்த வேண்டாம்.

இதோடு இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். இலங்கைச் சட்டம் தாயின் உயிரைக் காப்பதற்காக மட்டுமே கருக்கலைப்பை அனுமதிப்பதால், விரும்பாத கர்ப்பம் சுமந்த பெண்கள் மறைவிடங்களை நாடி உயிரிழந்த துயரம் இங்கே உண்டு. எங்கே, யாரால் எது நடந்திருந்தாலும், குருதிப்போக்கோ காய்ச்சலோ நாற்றமுள்ள வெளியேற்றமோ இருந்தால் அரச வைத்தியசாலைக்கு உடனே போங்கள். அவளைக் காப்பாற்றுவதே வைத்தியசாலையின் கடமை.

இரும்புக் குளிசை குடித்தால் வயிறு குமட்டுகிறது. விட்டுவிடலாமா?

விட வேண்டாம். ஹீமோகுளோபின் 11க்குக் குறைந்தால் கர்ப்பிணிக்குக் குருதிச்சோகை உண்டு. 7க்கும் குறைந்தால் அது கடுமையானது. நல்ல குருதி உள்ளவள் தாங்கிக்கொள்ளும் இழப்பை, குருதிச்சோகை உள்ளவளால் தாங்க முடியாது. இரவில் படுக்கப் போகும்போது குடித்துப் பாருங்கள். தேநீர் இரும்பை உடலில் சேரவிடாது. சாப்பாட்டுக்குப் பின் ஒரு பிளேன்டீ என்ற நம் பழக்கத்தை இந்தப் பத்து மாதமாவது ஒன்றிரண்டு மணித்தியாலம் தள்ளி வையுங்கள். கல்சியம் குளிசையை வேறொரு வேளையில் குடியுங்கள். மலம் கறுப்பாகப் போவது குளிசையால்தான், பயம் வேண்டாம்.

எனக்கு 24 வயது, ஒரு நோயும் இல்லை. ஆபத்துள்ள தாய் என்று கிளினிக்கில் குறிக்கவும் இல்லை. நானும் இதெல்லாம் தெரிந்திருக்க வேண்டுமா?

20 வயதுக்குக் குறைந்தவர்கள், 35ஐத் தாண்டியவர்கள், ஐந்து பிள்ளைகளுக்கு மேல் பெற்றவர்கள், இரட்டைப்பிள்ளை சுமப்பவர்கள், முன்னர் சிசேரியன் செய்தவர்கள், நீரிழிவோ பிரஷரோ உடையவர்கள், பிள்ளை பிறந்து இரண்டு வருடம் ஆகுமுன் மீண்டும் கர்ப்பமானவர்கள் ஆகியோருக்கு ஆபத்துக் கூடுதல் என்பது உண்மை. ஆனால் கருப்பை தளர்ந்து குருதி பெருகுவது, இந்த வகைகளில் ஒன்றிலும் சேராத பெண்ணுக்கும் முன்னறிவிப்பின்றி நடக்கிறது. குறி இல்லாதவள் பாதுகாப்பானவள் என்று வீட்டார் மனம் தளர்ந்திருப்பதை நான் அடிக்கடி கண்டதால், வகுப்புக்கு யாரையாவது அழைத்து வரச் சொன்னால் முதலில் உங்களைப் போன்றவர்களின் கணவரைத்தான் அழைத்து வரச் சொல்வேன்.

அறிகுறி தெரிந்திருந்தும் ஏன் சிலர் பிந்தித்தான் வைத்தியசாலைக்குப் போகிறார்கள்?

1994இல் தடியஸ், மெயின் என்ற இரு ஆய்வாளர்கள் மூன்று தாமதங்களைப் பற்றி எழுதினார்கள்: போவதென்று முடிவெடுப்பதில் ஒரு தாமதம், வைத்தியசாலையை அடைவதில் ஒரு தாமதம், அடைந்த பின் உரிய சிகிச்சை கிடைப்பதில் ஒரு தாமதம். நம் ஊர் வீடுகளில் முதலாவதுதான் என்னை அதிகம் வருத்தியது. அவளுக்குத் தெரியும், இது சரியில்லை என்று. ஆனால் கணவர் கடலுக்குப் போயிருப்பார், அல்லது வெளிநாட்டில் இருப்பார்; மாமியிடம் சொல்லத் தயக்கம்; மாமிக்குத் தன் மகனைக் கேட்காமல் அனுப்பத் தயக்கம்; மூத்த பிள்ளையை யாரிடம் விடுவது என்ற யோசனை. இந்த விடயத்தில் கர்ப்பிணியின் அறிவு மட்டும் போதாது என்று நான் நினைப்பது இதனால்தான். ஏழாம் மாதத்துக்கு முன்னரே வீட்டில் எல்லோரும் இருந்து பேசி, யாரையும் கேட்காமல் அவள் புறப்படலாம் என்ற அனுமதியை அவளுக்குக் கொடுத்துவிடுங்கள். யார் கூடப் போவது, பிள்ளைகளை யார் பார்ப்பது, கிளினிக் அட்டை எங்கே இருக்கும், கைச்செலவுக்குப் பணம் எங்கே இருக்கும் என்பதையும் அன்றே தீர்த்துக்கொள்ளுங்கள்.

நாங்கள் வெருகல் பக்கம். இரவில் அவசரம் வந்தால் என்ன செய்வது?

1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் கட்டணமின்றி வரும். கிண்ணியாவில் 2009இல் பாலம் திறக்கப்படுமுன், ‘பாதை’ என்னும் மிதவைப் படகு வரும்வரை கரையில் காத்திருந்த கர்ப்பிணிகளின் கதைகளை அங்குள்ள மூத்தவர்கள் இன்றும் சொல்வார்கள்; அந்த நிலை மாறிவிட்டது. ஆனால் மழைக்காலத்தில் மகாவலி பெருகினால் வெருகல், ஈச்சிலம்பற்று, மூதூர்ப் பகுதிகளில் வீதிகள் நீரில் மூழ்குவது மாறவில்லை. கார்த்திகை முதல் தை வரை பிரசவத் திகதி விழுபவர்கள், திகதிக்கு முன்னரே பட்டணப் பக்கத்து உறவினர் வீட்டில் வந்து தங்குவதையோ, வைத்தியசாலையில் முன்கூட்டி அனுமதி பெறுவதையோ கிளினிக்கில் பேசி ஒழுங்கு செய்யுங்கள். மூதூர், கிண்ணியா, கந்தளாய் ஆகிய இடங்களில் ஆதார வைத்தியசாலைகளும், பட்டணத்தில் மாவட்டப் பொது வைத்தியசாலையும் உள்ளன. உங்களுடைய நிலைக்கு எது பொருந்தும் என்பதை முன்னரே கேட்டு அட்டையில் எழுதி வாங்குங்கள். முச்சக்கர வண்டிக்காரர் ஒருவரிடம் இரவு எந்நேரமும் வருவதாகச் சொல் வாங்கி வைப்பதும் நல்லது.

பிள்ளை பிறந்து நலமாக வீட்டுக்கு வந்தாயிற்று. இனிப் பயம் இல்லைதானே?

முதல் வாரம் இன்னும் கவனமான வாரம். காய்ச்சல், நாற்றமுள்ள வெளியேற்றம், தையல் போட்ட இடத்தில் சீழ், ஒரு காலில் மட்டும் வீக்கமும் வலியும், திடீர் மூச்சுத் திணறல், நெஞ்சு வலி ஆகிய எதுவும் சரக்குத் தண்ணீரால் தீராது. பத்தியம் வைப்பதைத் தடுக்க நான் வரவில்லை. தண்ணீரைக் குறைத்து, நடமாட்டமே இல்லாமல் படுக்க வைப்பதைத்தான் தடுக்கிறேன், ஏனெனில் அது காலில் குருதி உறைவதற்கு வழிசெய்கிறது. உங்கள் குடும்பநல உத்தியோகத்தர் வீடு தேடி வரும்போது, பிள்ளையின் நிறையைக் காட்டிவிட்டு அனுப்பாமல், உங்களைப் பற்றியும் சொல்லுங்கள்.

பிள்ளை பிறந்ததிலிருந்து அழுகையாக வருகிறது. இதையும் உயிராபத்து என்பீர்களா?

முதல் சில நாட்கள் வந்துபோகும் அழுகையைச் சொல்லவில்லை. இரண்டு வாரம் கடந்தும் உறக்கமின்மை, பிள்ளை மேல் பற்று வராமை, வாழ்ந்து பயனில்லை என்ற நினைப்பு ஆகியவை தொடர்ந்தால், ஆம், உயிராபத்துத்தான். கர்ப்பகாலத்திலும் பிரசவத்தின் பின்னும் நிகழும் தற்கொலையை உலக சுகாதார நிறுவனம் தாய் மரணமாகவே கணக்கிடுகிறது. இதற்குச் சிகிச்சை உண்டு. 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்துக்கு அழைக்கலாம், கிளினிக்கிலும் சொல்லலாம். அவளைத் தனியே விடாதீர்கள்.

நான் மாமி. படிக்கவில்லை. இதெல்லாம் எனக்கு நினைவில் நிற்காது. நான் என்ன செய்ய வேண்டும்?

அம்மா, உங்களுக்கு ஐந்து விடயம் நினைவிருந்தால் போதும்: இரத்தம், வலிப்பு, விடாத தலைவலி, காய்ச்சல், மூச்சு முட்டல். இவற்றில் ஒன்றை மருமகள் சொன்னால், “நாங்கள் பெறாத பிள்ளையா” என்று கேட்காமல், அவளுடைய செருப்பை வாசலில் எடுத்து வையுங்கள். மகனுக்கு வழியில் சொல்லிக்கொள்ளலாம்.